பழைய கோப்பும் புதிய கணிப்பொறியும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை, ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பதினொரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், பழைய எழுத்தைப் பயின்ற ஒருவர் அச்சுவரின் முன் நின்று அவற்றைப் படித்துவிடலாம். அதற்கு மின்சாரமோ பொறியோ தேவையில்லை.

அதே வட்டாரத்தில், 1998-ஆம் ஆண்டில் கணிப்பொறியில் தட்டச்சு செய்து சேமித்த ஒரு தமிழ்க் கடிதத்தை இன்று வாங்கிய கணிப்பொறியில் திறந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் திரையில் தமிழ் தெரியாது. முக்கால் பின்னம், நாணயக் குறி, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் ஆகியவை வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அதில் ஓர் எண்கூட மாறவில்லை. ஆயினும் படிக்க முடிவதில்லை. இது ஏன்?

இக்கேள்விக்கு விடை காண, பழைய நிரல்களைப் புதிய பொறிகளில் இயக்க மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றையும், கணிப்பொறியில் தமிழ் எழுத்து கடந்து வந்த பாதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று படிகள்

ஒரு நிரல் ஓடுவதற்கு மூன்று படிகளில் உடன்பாடு வேண்டும்.

முதலாவது, நிரலுக்கும் செயலிக்கும் இடையே உள்ள உடன்பாடு. கூட்டு, கழி, நினைவகத்தில் வை என்னும் கட்டளைகள் எல்லாம் எண்களாகவே செயலிக்குச் செல்கின்றன. ஒரு செயலியில் ‘கூட்டு’ என்று பொருள்படும் எண், வேறொரு செயலியில் வேறு பொருள் தரலாம்.

இரண்டாவது, நிரலுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே உள்ள உடன்பாடு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று கடைகளில் நாம் கேட்கும் சொல்லையே தமிழில் இயங்குதளம் என்கிறோம். கோப்பைத் திற, திரையில் எழுது, அச்சுப்பொறிக்கு அனுப்பு என்று நிரல் விண்ணப்பிக்கும். இயங்குதளம் அதை நிறைவேற்றும்.

மூன்றாவது, சேமித்த எண்களின் பொருளைப் பற்றிய உடன்பாடு. 190 என்னும் எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதை எழுதியவரும் படிப்பவரும் ஒன்றுபோலக் கொள்ள வேண்டும்.

பழைய நிலப் பத்திரத்தில் ‘நூறு குழி’ என்று எழுதியிருந்தால், அந்த நூறு இன்றும் நூறுதான். ஆனால் குழி என்னும் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். எந்த ஊர்க் குழி என்று தெரியாவிட்டால் நிலத்தின் பரப்பு தெரியாது. கணிப்பொறிக் கோப்பின் நிலையும் இதுவே. எண் இருக்கிறது, அளவுகோல் தொலைந்துவிட்டது.

முதல் இரண்டு படிகளின் வரலாறு

இச்சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1959-ல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்னும் கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. உலகெங்கும் பல நிறுவனங்கள் தம் சம்பளப் பட்டியலுக்கும் கணக்குக்கும் அதில் நிரல்களை எழுதி வைத்தன. 1964 ஏப்ரல் 7-ஆம் நாள் அதே நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் புதிய கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அதன் அமைப்பு முற்றிலும் வேறு. பழைய பொறி ஆறு பிட் கொண்ட எழுத்துகளைக் கையாண்டது. புதியது எட்டு பிட் கொண்ட பைட்டுகளைக் கையாண்டது. பழைய நிரல்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள் என்றால் யார் வாங்குவார்கள்?

பொறியாளர்கள் ஒரு வழி கண்டனர். 360 குடும்பத்தின் சிறிய பொறிகளில் ஒன்றான மாடல் 30-ன் உள்ளே, 1401-ன் கட்டளைகளைப் புரிந்துகொண்டு அதைப் போலவே நடந்துகொள்ளும் நுண்கட்டளைகளை அமைத்தனர். பழைய நிரல் தான் பழைய பொறியிலேயே ஓடுவதாக எண்ணிக்கொண்டு ஓடியது. இம்முறைக்கு எமுலேஷன் என்று பெயர். நாம் ‘போல்மம்’ எனலாம்.

360-ஐ அடுத்து வந்த 370 குடும்பத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 360-க்கு எழுதிய நிரல்களை ஏற்கும்படியே அது வடிவமைக்கப்பட்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்த 370/155 என்னும் பொறி 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்டது. 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, இங்கிருந்த அந்நிறுவனப் பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பை சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனம் ஏற்றது. செய்தவர் போன பின்னும் பொறியும் நிரலும் வாழ வேண்டும் என்ற நிலையை நம் நாடு அப்போதே சந்தித்துவிட்டது.

பின்னர் மேசைக் கணிப்பொறிகளின் காலம் வந்தது. 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யுடன் டாஸ் என்னும் இயங்குதளமும் பரவியது. டாஸ் காலத்து நிரல்கள் பல, இயங்குதளத்திடம் விண்ணப்பிக்காமல், திரைக்குரிய நினைவகத்தில் தாமே நேராக எழுதின. விரைவுக்காகச் செய்த குறுக்கு வழி அது. 1985-ல் வந்த 80386 செயலியில், பழைய 8086 செயலியைப் போல நடிக்கும் ஒரு நிலை சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு விண்டோஸ், டாஸ் நிரல்களைத் தன் மடியிலேயே ஓட்டியது. ஆனால் செயலி 64 பிட் நிலையில் இயங்கும்போது அந்த வசதி கிடைப்பதில்லை. ஆகவே 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் நிரல்கள் நேராக ஓடா. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 64 பிட் வடிவம் மட்டுமே உண்டு.

இதற்கும் போல்மமே மருந்தாயிற்று. 2002 முதல் கிடைத்துவரும் டாஸ்பாக்ஸ் என்னும் இலவச நிரல், பழைய செயலி, பழைய திரை, பழைய இயங்குதளம் ஆகிய மூன்றையும் மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுகிறது. இன்றைய செயலிகளின் வேகம் மிகுதி என்பதால், இந்த நடிப்புக்கு ஆகும் வேலைப் பளு தெரிவதில்லை.

ஆக, முதல் இரண்டு படிகளின் சிக்கல் பெரும்பாலும் தீர்க்கத் தக்கதே. தமிழ் வாசகருக்கு உண்மையான இடர் மூன்றாம் படியில் இருக்கிறது.

256 அறைகள் கொண்ட வீடு

ஒரு பைட் என்பது எட்டு பிட். அதில் 0 முதல் 255 வரை 256 எண்களைக் குறிக்கலாம். இவற்றுள் முதல் 128 எண்கள் ஆஸ்கி என்னும் அமெரிக்கத் தரத்தின்படி ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தற்குறிகள் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. எஞ்சிய 128 எண்களை மேலை நாட்டினர் தம் மொழிகளின் எழுத்துகளுக்குப் பயன்படுத்தினர். தமிழுக்கு என்று தனி அறை எதுவும் இல்லை.

இல்லை என்பதற்காகத் தமிழர் எழுதாமல் இருக்கவில்லை. 1980களில் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் டாஸில் இயங்கும் ஆதமி என்னும் நிரலைப் படைத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்னும் மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளரான கு. கல்யாணசுந்தரம் 1990களில் மயிலை என்னும் எழுத்துருவை அளித்தார். இலங்கைத் தமிழரிடையே பாமினி எழுத்துரு பரவியது.

இவர்கள் கையாண்ட உத்தி எளிது. ஆங்கில எழுத்தின் படம் இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டால், கணிப்பொறி அதை ஆங்கிலம் என்றே எண்ணிக்கொண்டு தமிழைக் காட்டும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுத, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கோப்பில் சேமிக்கப்படுவன 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துகளே.

இந்த உத்தியில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி எழுத்துகளை அடுக்கினர். ஒருவர் எழுத்துருவில் அடித்ததை மற்றவர் எழுத்துருவில் படிக்க முடியாது. இரண்டாவது, தன் முன் இருப்பது தமிழ் என்பது கணிப்பொறிக்கே தெரியாது. தொடரின் முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும் வசதியுள்ள நிரலில், பாமினியில் ‘தலை’ என்று தொடங்கினால் அது ‘துலை’ ஆகிவிடும். சிறிய ஜே ‘த’. பெரிய ஜே ‘து’. நிரல் ஆங்கில இலக்கணத்தைக் காக்கிறது, தமிழ் தடம்புரள்கிறது.

பொதுத் தரத்தைத் தேடி

பொதுத் தரம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டில் இது பேசப்பட்டது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து, திஸ்கி என்னும் தரத்தை அமைத்தனர். ஆங்கிலத்துக்கு உரிய முதல் 128 அறைகளைத் தொடாமல், மேல் 128 அறைகளில் தமிழை அடுக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, டாம், டாப் என்னும் இரு குறியீட்டுத் தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன.

திஸ்கியில் ‘தமிழ்’ என்னும் சொல் 190, 193, 162, 250 என்னும் நான்கு எண்களாகும். மேலை ஐரோப்பியப் பட்டியலில் 190 முக்கால் பின்னம்; 193 தலைக்கோடு இட்ட பெரிய ஏ; 162 அமெரிக்க நாணயமாகிய சென்ட்டின் குறி; 250 தலைக்கோடு இட்ட சிறிய யு. தொடக்கத்தில் நாம் கண்ட குழப்பக் குறிகள் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும்.

திஸ்கியில் ‘அ’ 171, ‘ஆ’ 172, ‘இ’ 173, ‘ஈ’ 174 என்று உயிரெழுத்துகள் வரிசையாக நின்றன. ஆனால் 173-ஆம் எண்ணுக்கு மேலை நாட்டுப் பட்டியலில் ஒரு தனிப் பணி உண்டு. வரியின் இறுதியில் சொல்லைப் பிரிக்க நேர்ந்தால் மட்டும் தெரியும் ‘மறைகோடு’ அது. மற்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சில புதிய நிரல்களில் திஸ்கிக் கோப்பைத் திறந்தபோது எல்லா எழுத்தும் தெரிந்தன. ‘இ’ மட்டும் மறைந்தது! ‘இலை’ ‘லை’ ஆயிற்று. இதற்குத் தீர்வாக, திஸ்கியின் 1.7 பதிப்பில் ‘இ’க்கு 254 என்னும் இரண்டாம் இடமும் அளிக்கப்பட்டது. கோப்பும் எழுத்துருவும் மாறாதபோதும், அடியில் உள்ள நிரல் மாறியதால் ஓர் உயிரெழுத்து காணாமற்போனதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

யூனிகோடின் வருகை

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு என்னும் தரத்தின் முதல் பதிப்பு 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் கிடைத்தன. ‘தமிழ்’ என்பது இங்கே 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்களாகும். இந்த எண்கள் வேறு எந்த மொழிக்கும் உரியன அல்ல. எனவே குழப்பத்துக்கு இடமில்லை.

தரம் வந்தவுடன் பயன் வந்துவிடவில்லை. கொம்பை எழுத்துக்கு முன்னும், காலைப் பின்னும் இட்டுக் காட்டும் அறிவு இயங்குதளத்துக்கு வேண்டும். விண்டோஸ் 2000-தான் லதா என்னும் எழுத்துருவுடன் யூனிகோடு தமிழைக் காட்டிய முதல் விண்டோஸ். 2010 ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு இயங்காத இடங்களுக்கு டேஸ் 16 என்னும் தரத்தையும் ஏற்றது.

யூனிகோடின் அடிப்படைக் கொள்கை ஒன்றை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அது எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை, எழுத்தையே சேமிக்கிறது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, துதிக்கை போட்ட பழைய ‘லை’ போய் இன்றைய வடிவம் வந்தது. யூனிகோடு கோப்பில் இரண்டுக்கும் எண்கள் ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் வடிவம் மாறும், கோப்பு மாறாது.

மாற்றுவதில் உள்ள நுட்பம்

பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது, ஓர் எண்ணுக்குப் பதில் இன்னோர் எண்ணை வைப்பதுதானே என்று தோன்றலாம். அப்படியன்று.

‘கெ’ என்பதைப் பழைய முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி, முதலில் கொம்பு, பிறகு ‘க’ என்று சேமித்தனர். யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு கொம்பு. ‘கொ’ பழைய முறையில் கொம்பு, ‘க’, கால் என மூன்று எண்கள், யூனிகோடில் இரண்டு. ஆகவே மாற்றி நிரல் முன்னும் பின்னும் பார்த்து வரிசையைத் திருத்த வேண்டும்.

இதைவிடக் கடினமானது இரட்டைப் பொருள். தட்டச்சுப்பொறி வழிவந்த எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ‘ள’ என்னும் எழுத்துக்கும் ஒரே விசைதான். ‘கௌரி’யின் முதல் எழுத்தும், ‘கெ’யை அடுத்து ‘ள’ வரும் இடமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. முன்னதில் அது ஓரெழுத்து, பின்னதில் ஈரெழுத்து. எது எது என்பதைப் பொருளறிந்தே முடிவு செய்ய வேண்டும். கல்வெட்டுப் படிப்பவர் நிலையும் இதுவே. பழங் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். முன்பின் சொற்களை நோக்கியே அறிஞர்கள் படிக்கின்றனர்.

அறிவியல் பாடங்களில் மற்றோர் இடர் உண்டு. பழைய வினாத்தாள்களில் தமிழும் ஆங்கில அலகுகளும் கலந்திருக்கும். எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் உள்ளது என்று பாராமல் முழுக் கோப்பையும் பாமினியிலிருந்து மாற்றினால், கிலோகிராமைக் குறிக்கும் கே, ஜி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் ‘மப’ என்று மாறிவிடும். ஐந்து கிலோகிராம் நிறை ‘5 மப’ ஆகும். கணக்கைப் போடும் மாணவன் திகைப்பான்.

கைவிடக் கூடாத காலம்

1986-ல் பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம், டூம்ஸ்டே நூலின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, நாட்டு மக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை லேசர் தட்டுகளில் பதிந்தது. 1086-ஆம் ஆண்டுக்குரிய மூல நூல் தோலில் எழுதப்பட்டது, இன்றும் படிக்கலாம். தட்டுகளோ பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே படிக்க அரிதாயின. அவற்றை ஓட்டும் பொறிகள் மறைந்துவந்தன. 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அப்பழைய பொறிக்கு ஒரு போல்மத்தை எழுதி அதை மீட்டுக் காட்டினர்.

தமிழுக்கும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னூல்களாக்கி வருகிறது. தொடக்க கால எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் அதன் நூல்கள் பெயர்க்கப்பட்டன. ஓலை சிதையும் முன் படியெடுத்த நம் முன்னோர் வழியே இது.

ஆனால் புகழ்பெற்ற நூல்களைக் காக்கப் பலர் உண்டு. நம் ஊர்களின் எழுத்தை யார் காப்பார்? 1990களிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளிலும் கணிப்பொறியில் எழுதப்பட்ட ஊர்த் திருவிழா மலர், கூட்டுறவுச் சங்கக் குறிப்பு, பள்ளி வினாத்தாள், கோயில் வரலாறு, கைப்பட எழுதாமல் நேரே தட்டச்சு செய்த கவிதை ஆகியவற்றுக்கு வேறு படி இல்லை. பெருநகர் போன்ற சிற்றூர்களிலும் ஒரு மேசை அறையிலோ பழைய தட்டிலோ இவை உறங்கலாம். பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு நிரலின் கடைசிப் பெரும் பதிப்பு 2001-ல் வந்தது. அதற்கு யூனிகோடு தெரியாது. அந்நிரலில் அமைத்த பழைய பக்கங்களுக்காகவே பழைய கணிப்பொறியை வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. அந்தப் பொறி நின்றுவிட்டால் அதனுள் இருக்கும் தமிழும் நின்றுவிடும்.

எனவே வாசகர்கள் சிலவற்றைச் செய்யலாம். பழைய கோப்புடன் அதன் எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். எந்தக் குறியீட்டில் எழுதப்பட்டது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழைய பொறி ஓடும்போதே ஒரு பக்கத்தையாவது அச்சிட்டு வையுங்கள். மாற்றியபின் ஒப்பிட உதவும். பிறகு மாற்றி நிரலைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, ‘இ’, ‘ஔ’, அலகுகள், எண்கள் ஆகியவற்றைக் கண்ணால் சரிபாருங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளத்துக்கு 2014 ஏப்ரல் 8-க்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமாக வருவதில்லை; ஆகவே அப்பொறியை இணையத்துடன் இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது.

கல்லில் வெட்டியவர்கள் எதிர்காலத்தவருக்குக் கல்லை மட்டும் விட்டுச் சென்றனர். எழுத்தறிவு வழிவழியாக வந்தது. எண்ணில் எழுதுகிற நாம் எண்ணோடு அதன் பொருளையும் சேர்த்து வைத்தாக வேண்டும். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்களில் பெரும்பாலோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். எந்த எழுத்துரு, எந்த நிரல் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியும். கேட்க வேண்டிய காலம் இதுவே.